உத்தேச வாசிப்பு

பத்தொன்பது வருடம்
அடுத்தவன் சுவரில் இலக்கம் பார்த்தவன் நான்.
மனையாவெளியிலிருந்து பாலையூற்று வரை
எந்த நாய் கடிக்கும், எது குரைப்போடு சரி,
எந்த வீட்டில் தண்ணீர் தருவார்கள்,
எல்லாம் தெரியும்.

அந்த ஒரு கேற்றை மட்டும்
மூன்று மாதம் கடந்து போனேன்.
பூட்டியிருந்தது என்று குறித்தேன்.
போன மாதத்தைப் பார்த்து இந்த மாதத்தை எழுதினேன்.
உத்தேச வாசிப்பு. சபை அனுமதிக்கும்,
இரண்டு தரத்துக்கு மேல் போனால் கேள்வி வரும்.

வந்தது.
போன் எடுத்தவள் என் தம்பியின் மனைவி.
கேற் பூட்டியே இல்லை ஐயா,
அவர் போனதிலிருந்து கொழுக்கி உடைஞ்சுதான் கிடக்கு.

அத்தியட்சகர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.
ஒரு துண்டில் அறை இலக்கம் எழுதித் தந்தார்.
ஆஸ்பத்திரியின் பின்பக்கம்,
உளவளத்துணை என்று எழுதிய கதவு.

ஜெஸீமா மிஸ் பேனையை எடுக்கவில்லை.
மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.
பாரம் பத்துக்கு எத்தினை என்று கேட்டார்.
மூன்று என்றேன்.
நான் வாய் திறந்தால் வருவதெல்லாம்
உத்தேசம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

முதல் மூன்று கிழமை வெயிலைப் பற்றியே கதைத்தேன்.
அவரும் வெயிலைப் பற்றியே கேட்டார்.
நாலாம் கிழமை கை நடுங்கியபோது
பாதம் தரையில் படுகிறதா, பாருங்க என்றார்.
பட்டது. சீமெந்து குளிர்ந்து கிடந்தது.

பிறகு ஒரு தாள். மூன்று நிரல்:
என்ன நடந்தது, என்ன நினைத்தேன்,
நினைத்தது முழுக்க உண்மையா.
பஸ் நிலையத்தடியில் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடித்து வர,
புள்ளிமான் ஒன்று மூன்றாம் நிரலைத் தின்றுகொண்டிருந்தது.
சொன்னபோது மிஸ் சிரித்தார்.
எனக்கும் வந்தது, இருமல் மாதிரி.

ஒருநாள் மூச்சு, ஒருநாள் தாள்,
ஒருநாள் சின்ன வயதில் ஆரோடு கோபம் போட்டேன் என்ற விசாரணை.
இதில் எது மிஸ் வைத்தியம்?
கன்னியாவுக்குப் போனா
எந்தக் கிணத்துல முதல்ல அள்ளுவீங்க?
கையை விட்டுப் பார்த்து, என்றேன்.
அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் கிழமை, கதிரை.
வெறும் பிளாஸ்டிக் கதிரை, ஒரு கை வெடித்தது.
அதில் யோகதாசன் இருப்பதாக நினைக்கச் சொன்னார்.
முடியவில்லை.
அவன் ஒருநாளும் நேராக இருந்தவனில்லை,
கதிரையைத் திருப்பிப் போட்டு, முதுகில் நாடி வைத்து இருப்பான்.
எழும்பித் திருப்பிப் போட்டேன்.
அவ்வளவுதான். வந்துவிட்டான்.

தந்த காசைக் கேட்டது பிழையில்லை என்று வை.
இரண்டு வருடம் முகம் பாராததையும் விடு.
தம்பலகாமம் சந்தியில் லொறி அடிக்கப்
பதினொரு நிமிடம் முன்னம்
நீ எடுத்த அழைப்பை நான் வெட்டினேன்.
சந்தையில் நின்றேனடா.
பாரைக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன்.
என்ன சொல்ல எடுத்தாய்?

கதிரை பேசவில்லை.
மிஸ்ஸும் அவனுக்காகப் பேசவில்லை.
மன்னித்திருப்பான் என்று
செத்தவீட்டில் நூறு பேர் சொன்னதை
அவர் ஒருவர்தான் சொல்லாமல் இருந்தார்.
அந்த இடைவெளியில் அழுதேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது, இரண்டு தரம்.

இப்ப எத்தினை?
எட்டு.
மூன்று எட்டாகியிருக்கிறது, கூடித்தான் போயிற்று.
ஆனால் இது
பார்த்துச் சொன்ன எட்டு.

இருபத்திரண்டாம் திகதி, பாலையூற்று.
கேற்றைத் தள்ளக் கை நடுங்கியது.
பாதம் மணலில் பட்டது.
மானி இன்னும் அவன் பெயரில்தான்.
சில்லு மெதுவாய்ச் சுற்றியது, உள்ளே
ஆரோ பிள்ளை ரீவி பார்க்கிறது.
இலக்கத்தை எழுதிக் கழித்துப் பார்த்தேன்.
என் உத்தேசம் எவ்வளவோ கூட.
ஐந்து மாதமாய் நான் எழுதியது
அவன் இருக்கிற வீட்டின் கணக்கு.

அவள் வாசலில் நின்றாள்.
தண்ணீர் தரவில்லை.
அடுத்த மாதமும் நீங்கள்தானே வருவியள் என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.