பதினெட்டுக்குப் பதினெட்டு

திருச்சியில் மூன்று நாள் வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ்.
நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு.
போன புள்ளியைத் துண்டில் துடைத்துப் போடு.
அடுத்த சர்வீஸ் மட்டும்தான் உலகம்.

புதுவயலில், நெல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள்
இப்போது பச்சை விரிப்பு, இரண்டு கோர்ட்.
பக்கத்து மில்லில் நெல் அவியும் வாசம்
நான்கு எண்ணுமுன் நெஞ்சுக்குள் வந்துவிடும்.

சிகப்பிக்குப் பன்னிரண்டு வயது.
நெட்டோரம் பந்தை உதிர்த்துவிடும் கை.
பதினைந்தைத் தாண்டினால் மட்டும்
அது வேறு யாருடைய கையோ ஆகிவிடுகிறது.

மூச்சு சொன்னேன். துண்டு கொடுத்தேன்.
கண்ணை மூடி, ஜெயித்த நாளை நினைத்துப் பார் என்றேன்.
"எந்த நாள் சார்?"

இன்று எதிரே தேவகோட்டைப் பிள்ளை.
பதினெட்டுக்குப் பதினெட்டு.
ஷூ கயிறு கட்டும் சாக்கில் என் பக்கம் குனிந்து
"கொஞ்சம் வெளிய நில்லுங்க சார்,
உங்க கால் ஆடுறது எனக்குத் தெரியுது."

வெளியே உமி லாரி.
தகரத்துக்கு அந்தப் பக்கம்
டக், டக், பிறகு ஒரு நீண்ட சத்தமின்மை.
சர்வீஸுக்கு முன் இவ்வளவு நேரம்
அவள் எடுத்துக்கொண்டதே இல்லை.
அவள்தானா அது?

நான்கு எண்ணினேன். ஆறு எண்ணினேன்.
கால் கேட்கவில்லை.

"சும்மாதான நிக்கிறீங்க, இந்தத் தலைப்பைப் பிடிங்க"
தார்ப்பாய்க் கயிற்றை நீட்டினார் டிரைவர்.
இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன்.
கால் எப்போது நின்றதென்று தெரியாது.

உள்ளே கைதட்டல்.
யாருக்கு?
விட்டுவிட்டு ஓட முடியாது,
முடிச்சு இன்னும் விழவில்லை.