நூல் தண்ணி

முகத்துவாரம்கூடத் தாண்டல,
விடாம கத்துது மோட்டாரு.
பின்னாடி ஒண்ணுக்குப் போறாப்ல பீச்சுமே,
அந்த நூல் தண்ணி நின்னுபோச்சு.

அணைச்சுட்டு மூடியத் தொட்டா தோசைக்கல்லு.
"இம்பெல்லரு"ன்னான் தேசிங்கு.
போன மாசம் மாத்துனதுடா,
பில்லு இன்னும் பாக்கெட்ல கீது, செதிலோட.

தூக்கிச் சாச்சு
தண்ணி இழுக்குற ஓட்டையில கம்பி வுட்டேன்.
பாலித்தீன் இல்ல. பாசி இல்ல.
பல்பொடி கணக்கா நைசா, ஈரமா
சாம்பலு.
எண்ணூர்ல எந்த வூட்டு அடுப்புலயும்
இவ்ளோ அள்ளுனதில்ல.

"ஆத்துத் தண்ணிய ஊத்து, ஆறட்டும்"னான்.
டப்பால மொண்டேன்.
அனல்மின் நிலையம் தொறந்துவுட்ட தண்ணி.
கை சுட்டுது.

ரெண்டு பேரும் துடுப்பத் தேடுறோம்.
கரையில காயுது அது,
என் கைலியப் போர்த்திக்கினு.