தாவலின் நடுவில்

கறுப்பு பிளாஸ்டிக், உள்ளங்கைக்குள் அடங்கும்.
ஹட்டன் பஜாரில் பழைய போன் விற்கும் ரிஸ்மியிடம்
ஒன்பதாயிரம் சொன்னதை எட்டுக்கு முடித்தேன்.
நாலாயிரம் விளையாட்டு என்று பெட்டியில் அச்சு.
எண்ணினால் ஒரே கார்ப் பந்தயம்
ஐந்து பெயரில் கிடக்கிறது.
மெனுவில் பாதி சீனம்.
சார்ஜ் இறங்கி எழும் ஒவ்வொரு தடவையும்
1970 ஜனவரி ஒன்று என்கிறது.

"பெட்டி வேற அண்ணி, அதை ஓட்டுற ஆள் வேற.
ஆளை மாத்துங்க" என்றான் செல்வகாந்தன்,
கொட்டகலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிற என் கொழுந்தன்.

தேடினால் இரண்டு ஆட்கள் கிடைத்தார்கள்.
அவன் சிபாரிசு செய்தவன் சகலமும் அறிந்தவன்:
பழைய டீவியின் கோடுகளைக் கண்ணாடியில் வரைவான்,
ஒரு பொத்தானுக்கு மூன்று வேலை கொடுப்பான்,
எதைத் தொட்டாலும் உள்ளே இன்னொரு கதவு.
மற்றவனிடம் ஒரு பட்டியல்தான், வெள்ளை எழுத்தில்.
படமில்லை, இசையில்லை.
அமுக்கினால் தூங்குவான்,
மறுபடி அமுக்கினால்
விட்ட இடத்தில் விழிப்பான்.

இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் எனக்கு டேட்டா மலிவு.
டிக்கோயா ஆஸ்பத்திரிப் படிக்கட்டுத் திருப்பத்தில்
ஜன்னல் கம்பிக்குள் போனைச் சொருகினால்
இரண்டு கோடு சிக்னல்.
மழையில் மூன்று தடவை அறுந்து
நாலாவதில் இறங்கினார்கள் இரண்டு பேரும்,
ஆளுக்கொரு மெமரி கார்டில்.

திங்கள் இரவு சகலமும் அறிந்தவன்.
நிறத்தைச் சரிசெய்தேன், கோட்டைச் சரிசெய்தேன்,
சத்தம் பிந்துகிறதா என்று காது வைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
சமைக்காமலே
மசாலா டப்பாக்களை மாற்றி மாற்றி அடுக்கும் சுகம்.
இரண்டே முக்காலுக்குத்தான் ஆட்டத்தில் இறங்கினேன்.
மூன்றாவது கோட்டையின் வாசலில்
"மிஸ்ஸி!" என்றாள் பதினோராம் கட்டில்காரி.
நான் மிஸ்ஸி இல்லை, அட்டென்டன்.
ராத்திரியில் கூப்பிடுகிறவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏது.
சேமி என்றேன். எந்த இடத்தில் என்றான்.
வெளியேறு என்றேன்.
நிச்சயமா? என்றான்.
அதற்குள் அவள் வாந்தியெடுத்துவிட்டாள்.
துடைத்து, விரிப்பு மாற்றி, கை கழுவி வந்தால்
பேட்டரியும் இல்லை, கோட்டையும் இல்லை.

புதன் இரவு மற்ற கார்ட்.
வாய் திறக்காதவன் ஒன்றே ஒன்று கேட்டான்:
எந்த ஊர் நேரம்?
நீளமான பட்டியல். ஆசியா வரைக்கும் உருட்டி,
அடுத்தடுத்து நின்ற கொல்கத்தாவையும் கொழும்பையும் பார்த்து,
கொழும்பை அமுக்கினேன்.
கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டது.
1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை.

மலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்திருப்பார்கள்.
எங்கள் லயத்துக் காம்பிராவில் ஏழு பேர்
இருட்டில் எழுந்து முகம் கழுவியிருப்பார்கள்.
அன்றைய தேதிக்கு
எந்த நாடும் அவர்களைத் தன் ஆள் என்று எழுதிவைக்கவில்லை.
பிறகு இரண்டு பெயருள்ள ஒரு பட்டியல் வந்தது.
நாலு பேர் அங்கே, மூன்று பேர் இங்கே.
நிச்சயமா என்று
ஒரு துரையும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தேதியை மாற்றும் இடம் எங்கேயோ இருக்கிறதாம்.
தேடவில்லை.

"அந்த மொட்டை ஆளையா எடுத்தீங்க?"
செல்வகாந்தனுக்கு மனமில்லை.
அவனுடைய கார்ட் என் மணிபர்சில்
பஸ் டிக்கட்டுக்குள் மடித்தபடி இருக்கிறது.
லீவு கிடைத்தால் பார்க்கலாம்.

நேற்று மூன்றரைக்குப் பள்ளத்துக்கு மேல்
என் சின்ன மனுஷன் தாவினான்.
"மிஸ்ஸி!"
அமுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.
ஒரு மரணம், இரண்டு சேலைன்,
ஒரு அட்மிஷன், தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தவள்.
ஏழரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து
எடுத்துப் பார்க்கிறேன்:
காலை மடக்கி, ஒரு கையைத் தூக்கி,
அவன் இன்னும் காற்றிலேயே இருக்கிறான்.

நோர்வூட் வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன்.