ஒரு டன்

கடைக்காரன் சத்தியமே செய்தான்:
தொட்டி அளவுக்குத்தான் வளரும்.
அன்று அது என் கட்டைவிரல் நீளம்.
பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து
ஆறு மீசையோடு
பெரிய மனுஷத்தனமாய் என்னைப் பார்த்தது.
இருநூற்றுத் தொண்ணூறு கொருனா.
ஓஸ்ட்ராவாவில் அந்தக் காசுக்கு
உருப்படியாய் ஒரு குடைகூட வராது.

செவ்வால் கெளுத்தி.
முதுகு கரி, விலா பாலாடை,
வால் மட்டும் அடுப்பிலிருந்து உருவிய கம்பி.
பகலெல்லாம் கல்லோடு கல்லாய்க் கிடக்கும்.
கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
விளக்குப் போடாமல் எண்ணுவேன்:
வெள்ளிக்காசு மீன்கள் ஏழு.
ஆறு.
ஆறு.
நான்கு.
தின்றதை ஒருநாளும் கண்டதில்லை.
சண்டை இல்லை, உதிர்ந்த செதில் இல்லை, கலங்கல் இல்லை.
வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும்,
தண்ணீரில் இருப்பவரும் கூடவே போவார்.
அவ்வளவுதான் அதன் வேட்டை.
எனக்கும் அப்படிச் சிலரைத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை வெப்பமானியை விழுங்கியது.
ஞாயிறு காலை துப்பியது,
இருபத்தாறு டிகிரி என்று
சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது அது.

தொட்டியை மாற்றினேன். மறுபடி மாற்றினேன்.
சோபாவை விற்றேன். கட்டிலைச் சமையலறைக்கு இழுத்தேன்.
மூன்றாம் தொட்டி சுவருக்குச் சுவர், ஆயிரம் லிட்டர்.
அதற்குள் திரும்பும்போது
மூக்கும் வாலும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தொட்டன.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
நீளத்தை நோட்டில் குறித்துவைப்பேன்.

ஒருநாள் கீழ்வீட்டு வ்ராபெல் மணி அடித்தார்.
எஃகு ஆலையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்.
"லிபுஷே, கொஞ்சம் கீழே வா" என்றார்,
கோபமில்லாமல். அதுதான் பயமாயிருந்தது.
அவர் கூரையில் ஒரு விரிசல்.
விரிசல் நின்ற இடத்திலெல்லாம்
பென்சிலால் ஒரு கோடு, ஒரு தேதி,
பிள்ளையின் உயரத்தைக் கதவில் குறிப்பதுபோல.
நான் நோட்டை எடுத்து வந்தேன்.
இரண்டு பேரும் நின்றபடியே ஒப்பிட்டோம்.
ஏறக்குறைய ஒரே தேதிகள்.

விலங்குப் பூங்காவில் போனை எடுத்த பெண்
நான் முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்:
"வால் சிவப்பா? இந்த மாதம் நீங்கள் பதினோராவது."
டிப்போவில் ஒருவன்
ஓட்ரா ஆற்றில் விடச் சொன்னான்.
பனிக்கட்டி மிதக்கும் ஆறு.
அவனோடு பேச்சை அன்றோடு விட்டேன்.

வ்ராபெல்தான் கணக்குப் போட்டார்.
தண்ணீர், கண்ணாடி, மணல், இரும்புச் சட்டம், மீன்.
கூட்டி அடிக்கோடு போட்டுவிட்டுச் சொன்னார்:
"என் வீடு தரைத்தளம். அடியில் வெறும் மண்.
நீ கீழே வா, நான் மேலே போகிறேன்.
இது என் தலைக்கு மேலே இருப்பதைவிட
காலுக்குக் கீழே இருந்துவிட்டுப் போகட்டும்."

பிப்ரவரியில், ஈரத் தார்ப்பாயில்,
நான்கு டிராம் ஓட்டுநர்கள் தூக்கினோம்.
வலை வேண்டாம், முள் கிழித்துவிடும்.
படித் திருப்பத்தில் அது பேசியது.
ஆறு வருஷத்தில் நான் கேட்டிராத குரல்,
உலர்ந்த கதவைப் பெயர்ப்பதுபோல்
க்ரொக், க்ரொக்.
கதவுகள் திறந்தன. இரவு உடையில் ஜனங்கள்.
யாரோ ஒரு குழந்தை
அதற்குத் திருப்பிப் பதில் குரல் கொடுத்தது.
வ்ராபெல் மேலே ஏறி நின்று
கிரேன்காரனின் கைச்சைகையில் எங்களை இறக்கினார்:
மெல்ல, இடது, இன்னும் மெல்ல, நிறுத்து.

இப்போது இரவில் அவர் பூட்ஸைக் கழற்றிப் போட்டால்
கெளுத்தியின் மீசை ஆறும் மேலே திரும்புகின்றன.
படுத்தபடி நானும் மேலே பார்க்கிறேன்.
விரிசல் அங்கேயேதான் இருக்கிறது, தேதிகளோடு.
பிப்ரவரிக்குப் பிறகு நகரவில்லை.
மீன் வளர்ந்திருக்கிறது, ஆறு சென்டிமீட்டர்.
நோட்டு எந்த மூட்டையில் போனதோ தெரியவில்லை.
அவர் பென்சில் மட்டும்
ஜன்னல் விளிம்பில், சீவியபடி.