இருநூற்று நான்கில் விட்டுப்போனது

அறை காலியான அன்று சாமான் சரிபார்த்தேன்.
பக்கெட் ஒன்று, மக் ஒன்று, தலையணை இரண்டு,
அடுப்பு, ரெகுலேட்டர், எல்லாம் சரி.
ஜன்னல் மேடையில் ஊறுகாய் பாட்டிலுக்குள்
மூன்று தண்டு லக்கி பேம்பூ.
ரிஜிஸ்தரில் அதற்குக் கட்டம் இல்லை.

மால்டாவிலிருந்து வந்தவர்கள். தொண்ணூற்றொரு நாள்.
நிர்மல் ஹால்தார், வயது நாற்பத்தாறு,
வந்த நோக்கம்: சிகிச்சை.
வேலூரில் எங்கள் தெரு லாட்ஜுகளில்
அந்தக் கட்டத்தில் யாரும் வேறெதுவும் எழுதுவதில்லை.
அவர் மனைவி திபாலிக்குத் தெரிந்த தமிழ்
தண்ணி, எவ்வளவு, நாளைக்கு வா.
கடைசியது ஓ.பி. வரிசையில் கற்றது.

ஆஸ்பத்திரி எதிரே பிளாட்பாரத்தில்
தண்டு முப்பது ரூபாய்க்கு அவள் வாங்கிவந்த சாயங்காலம்
நான்தான் பாட்டில் கழுவிக் கொடுத்தேன்.
மூன்று. ஒற்றைப்படை.
மொய்க்கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற எனக்கு
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இது மூங்கிலே இல்லையாமே என்றேன் முனவர் பாயிடம்.
லாட்ஜுக்கே 'கடல் காட்சி'ன்னு பேர் வச்சிருக்கேன்,
செடியப் போய் கேக்குறியா என்றார்.

கவுன்ட்டரில் வைத்த பத்தாம் நாள்
ஒரு தண்டின் அடி மஞ்சளானது.
தப்பு என்னுடையது. போர் தண்ணி ஊற்றினேன்,
கெட்டில் அடியில் சுண்ணாம்பாகப் படிகிற அதே தண்ணி.
மஞ்சள் மேலே ஏறும்; பக்கத்துத் தண்டுக்கும் தாவும்.
மஞ்சள் என்று இந்தத் தெருவில் நாங்கள்
சத்தமாகச் சொல்வது கிடையாது.
புது பிளேடு வாங்கி
ஊசிக்கு முன்னே தேய்க்கிற ஸ்பிரிட்டில் துடைத்து
பச்சை நன்றாகத் தெளிந்த இடம் பார்த்து
சாய்வாக ஒரே இழுப்பு.
அடித்துண்டு குப்பைக்கு.
மேல்துண்டு, ஒரு கணு முங்கும்படி, இருமல் மருந்து பாட்டிலுக்கு.

கை பழகியதும் நல்ல தண்டில் ஒரு கிளையும் எடுத்தேன்.
கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியைச் சாய்த்து
வெட்டுவாயில் ஒரு சொட்டு விட்டு அடைத்தேன்.
நான்கு ஆகிவிட்டது.
மனசு கேட்காமல் இன்னொரு கிளை. ஐந்து.

நூற்றேழில் மட்டும்தான் ஏசி.
அதன் பின்பக்கக் குழாய்க்குக் கீழே பெயின்ட் டப்பா.
அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு டப்பா நிரம்பும்,
உப்பும் இல்லாமல், குளோரின் வாடையும் இல்லாமல்.
பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில்
யாருடைய உறக்கத்திலிருந்தோ எனக்குத் தண்ணி வந்தது.
வாரம் ஒருமுறை மாற்றினேன்.

பத்தொன்பது நாள் ஒன்றுமில்லை.
இருபதாம் நாள் ராத்திரி
கணுவோரம் கொசு கடித்த மாதிரி ஒரு புடைப்பு,
அதன் நுனியில் சிவப்பு.
இரண்டு மணிக்குப் படியிறங்கிவந்த
அஸ்ஸாம்காரரிடம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.
பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.
பிறகு, ஓ நெகட்டிவ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.
பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு
போன் நம்பர்கள் எழுதிய அட்டையை எடுத்தேன்.

புரட்டாசியில் செக்கப்புக்கு வந்தார்கள்.
காட்பாடிக்கு ரயில் மூன்று மணி நேரம் லேட்.
பையை அவரே தூக்கிக்கொண்டு நுழைந்தார்.
சட்டை மட்டும் பழைய அளவு.
ஆதார் கார்டை நீட்டிவிட்டு
திபாலி ஐந்து பாட்டிலையும் பார்த்தாள்.
எவ்வளவு, என்றாள்.
அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.
எந்தத் தண்டு எது என்று
இப்போது எனக்கே சந்தேகம்தான்.
சொல்ல வாயெடுத்தேன்;
ரிஜிஸ்தரை அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

அவர் வந்த நோக்கத்தை எழுதி முடிப்பதற்குள்
காலை வெயில் கவுன்ட்டர்மேல் ஒரு சாண் ஏறிவிட்டது.
அவரிடம் ஏதோ பேசிக்கொண்டே,
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
ஓரத்துப் பாட்டிலை இரண்டு விரலால்
நிழலுக்குத் தள்ளினாள்.