வாலறுந்த பொய்

நேற்றிரவு சமையல் மேசையில்
பொய்களைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு பொய்கள்.
மூக்கில் தகடு வைத்து மூழ்குவது ஒன்று.
வயிற்றுக்குள் குண்டு கிலுகிலுப்பது ஒன்று.
மணல் விலாங்கு போல நெளியும் ரப்பர் மூன்று,
அதில் ஒன்றுக்கு மட்டும் மினுமினுப்பு அதிகம்,
கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

பகலில் எனக்கு மருந்துக்கடையில் வேலை.
சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துத் தருவேன்.
பாஸ் மீன் சீட்டு எழுதித் தருவதில்லை.

வெல்ஷ் மொழியில் அதன் பெயருக்குள்
ஒரு முள்ளெலி ஒளிந்திருக்கிறது.
முதுகைத் தடவிப் பார்த்த யாரோ வைத்திருக்க வேண்டும்.

ப்ரோத்தனுக்குப் பொய் ஆகாது.
அவன் கயாக்கின் பின்பக்கம் ஒரு வாளி,
உள்ளே உயிரோடு மணல் விலாங்குகள்,
பேட்டரி போட்ட குழாய் ஒன்று
அவற்றுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.
"பசித்தவனுக்கு ரொட்டிப் படத்தைக் காட்டுகிறாய்" என்பான்.
"நீ சமைத்ததைவிடப் படம் மேல்" என்பேன்.
பதினாறு வருடமாக இதே சண்டை.
விவாகரத்தில் வீட்டைப் பிரித்துக்கொண்டோம், காரைப் பிரித்துக்கொண்டோம்,
இதை மட்டும் பொதுவில் விட்டுவிட்டோம்.

ஐந்தேகாலுக்கு நெவெர்ன் கழிமுகத்தில் இறங்கினோம்.
வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் நேரம்.
மணல்திட்டின் விளிம்பில் நீவாடு
இஸ்திரி போடாத சட்டை போலச் சுருங்கிக் கிடந்தது.
அங்கேதான் நிற்கும் என்றான்.
அங்கேதான் நிற்கும் என்றேன்.

கயாக்கில் உட்கார்ந்து இரை மாற்றுவது தனிக் கூத்து.
எழுந்து நிற்க முடியாது.
துடுப்பு மடியில், பெட்டி கால்களுக்கு நடுவில்,
முள் ஒன்று எப்போதும் கால்சட்டையில்.
நீ நிறம் யோசிக்கும் நேரத்தில்
நீவாடு உன்னை இழுத்துக்கொண்டு போய்
மீன் இருந்த இடத்தை நேற்றாக்கிவிடும்.

வெள்ளி போட்டேன். வானம் வெளுத்ததும் கழற்றினேன்.
பச்சை போட்டேன். கலங்கல் தண்ணீரில்
எனக்கே அது தெரியவில்லை.
கிலுகிலுப்பையை இரண்டு முறை எறிந்தேன்,
பக்கத்து வீட்டுக் குழந்தை ஞாபகம் வந்து நிறுத்தினேன்.
ஒரே ஒரு பாஸ் கயாக்கின் விலா வரை பின்னாலேயே வந்தது,
விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறவர் முகத்தோடு
திரும்பிப் போனது.

ப்ரோத்தனுக்கு ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதைச் சத்தமாகச் செய்யத் தெரிந்தவன்.

பிறகு பாறை ஓரத்தில் ஒரு பொல்லாக்
என் மினுமினுப்புக்காரியின் வாலைக்
கடித்துக்கொண்டு போனது.
மீதி, கட்டைவிரல் நீளம்.
மாற்றித்தான் இருப்பேன். விரல் விறைத்து
தங்கூசியில் முடிச்சு விழவில்லை.
போய்த் தொலை என்று எறிந்தேன்.

தண்ணீரைத் தொட்டதுதான் தெரியும்.
கம்பு குனிந்தது, கயாக் முகம் திரும்பியது,
ஒரு மீன் என்னைக் கரைப் பக்கமாக
இழுத்துக்கொண்டு போக முடிவெடுத்திருந்தது.

ஓரத்தில் ஒட்டிய அளவுகோல் நாற்பத்தொன்று காட்டியது.
சட்டம் நாற்பத்திரண்டு கேட்கிறது.
வாலை நீட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான்.
முள்ளைக் கழற்றும்போது மடியில் கக்கியது:
கண்ணாடி மாதிரிக் குஞ்சுகள், ஏழெட்டு,
பாதி செரித்தவை, கண் மட்டும் மிச்சம்.
ஒன்றுகூடக் கட்டைவிரலைத் தாண்டவில்லை.

தண்ணீரில் பிடித்து நிறுத்தி, செவுள் அசைந்ததும் விட்டேன்.
போகிற போக்கில் உள்ளங்கையில் குத்திவிட்டுப் போனது
முள்ளெலி.

ப்ரோத்தன் துடுப்புப் போட்டு அருகில் வந்தான்.
"எதில் அடித்தது?"
"வாலறுந்ததில்."
"உன்னிடம் அப்படி ஒன்று இருந்ததா?"
"காலையில் இல்லை."

பத்து மணிக்குக் கடை திறந்தேன், கையில் கட்டோடு.
முதல் ஆளாக டட்ஃபில் வந்தாள்.
பெயர் மறந்துவிட்டது, சின்னதாக இருக்கும்,
வெள்ளையாக இருக்கும்,
போன தடவை நன்றாகக் கேட்டது என்றாள்.
திரும்பி அலமாரியைப் பார்த்தேன்.
எல்லாம் சின்னது.
எல்லாம் வெள்ளை.