மூன்று கண் வலை

விற்பனைக்கு வந்த அந்த வீட்டுக்கு
விளம்பரம் எழுதியது நான்தான்.
கார்ன்வால் கரையில் போர்த்கெர்ரா.
இரண்டு படுக்கையறை, கருங்கல் சுவர்,
ஈரக்கசிவு உண்டு, அது விளம்பரத்தில் வராது.
ஜன்னலைத் திறந்தால் கடல்.
கடலுக்கு ஓர் அடைமொழி வேண்டியிருந்தது.
'அன்டிராமல்ட்' என்று போட்டேன்.
தடையேதும் இல்லாத காட்சி.
இருபது வருடமாக இந்த வேலையில்
அந்தச் சொல்லை விலையோடு சேர்த்தே அடித்துப் பழக்கம்.

படமெடுக்கப் போனால்
ஜன்னலுக்கு நேர் எதிரே, துறைச் சுவர் முழுக்க
லவ்டே டிரெம்பாத்தின் வலை.
"கொஞ்சம் எடுத்துவிட முடியுமா, படத்துக்கு மட்டும்?"
"எதற்கு?"
கையிலிருந்த தாளை நீட்டினேன்.
படித்தாள். சிரிக்கத் தொடங்கினாள்.
பல்லில் கவ்வியிருந்த ஊசி கீழே விழும்வரை.

"இதுதானய்யா டிராமல்."

இருபுறமும் பெரிய கண், ஒரு பூனை நுழையும்.
நடுவே சின்னக் கண், தொளதொளவென்று.
நவரை பெரிய கண்ணுக்குள் சுளுவாக வரும்.
நடு வலையில் முட்டும், வேகம் குறைக்காது,
அதையும் தள்ளிக்கொண்டு
அந்தப் பக்கத்துப் பெரிய கண்ணில் புகும்.
அவ்வளவுதான்.
முட்டிய முட்டலிலேயே
தனக்கொரு பை தைத்துக்கொண்டாயிற்று.

குனிந்து பார்த்ததில்
என் கோட்டுப் பொத்தான் மாட்டியது. இழுத்தேன்.
இன்னும் இரண்டு கண் சேர்ந்து பிடித்தன.
"இழுக்காதே. பின்னால் வா."
வந்தேன். விட்டுவிட்டது.
"நவரைக்குப் பின்னால் வரத் தெரியாது"
என்று ஊசியைத் தேடப் போய்விட்டாள்.

இரவு அகராதியைப் புரட்டினேன்.
பிரெஞ்சு வழியாக வந்த சொல், அடியில் லத்தீன்:
மூன்று, அப்புறம் மாக்குலா.
மாக்குலா என்றால் வலைக்கண்.
அதே மாக்குலாதான் கறையும்.
நடை பழக்கக் குதிரைக் காலில் பூட்டியதும் டிராமல்,
கணப்பின்மேல் பானையைத் தொங்கவிட்ட கொக்கியும் டிராமல்.
குதிரை போயிற்று, கணப்பு போயிற்று.
பேச்சில் எஞ்சியது
'இல்லை' முன்னால் ஒட்டிய வடிவம் மட்டும்.
கட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள்
கட்டில்லை என்று சொல்லிக்கொள்ள.

போன மாதம் கண் மருத்துவர்
என் விழியின் பின்சுவரைத் திரையில் காட்டினார்.
ஆரஞ்சுத் தோல் நிறம், நடுவில் மங்கலாய் ஒரு புள்ளி.
அழுக்கு என்று பயந்துபோனேன்.
"மாக்குலா" என்றார்,
"நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதெல்லாம் இதைக்கொண்டுதான்."

ஆக, கண்ணில்லாத காட்சி.
அதைத்தான் விற்றிருக்கிறேன், இருபது வருடம்,
கமிஷனோடு.

காலையில் அந்த முன்னொட்டை மட்டும் அழித்து அனுப்பினேன்.
மேலாளர் பொலித்தோ அம்மையார்
எழுத்துப்பிழை என்று திருத்திவிட்டார்.
படத்திலிருந்து சுவரையும் வெட்டினார்,
அதோடு பாதிக் கடல் போயிற்று.

வீடு விற்றது.
பிரிஸ்டல்காரத் தம்பதி, ஆகஸ்டில் வந்து இறங்கினார்கள்.
கடல் பக்கம் திரும்பவே இல்லை.
நேரே வலைக்குத்தான் போனாள் அந்தப் பெண்,
கைப்பேசியை உயர்த்தி, அருகில், இன்னும் அருகில்.
நீளக் கழுத்துத்துணி, விளிம்பெல்லாம் குஞ்சம்,
காற்று வேறு.

நான் சாலையின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.